சரி என்றால் சரியா?

ஏப்ரல் 6

________ அண்ணிக்கு,

மேலே ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். 'அன்புள்ள' என்று எழுதுவதுதான் வழக்கம். இப்போது கை வரவில்லை. என் கோபம் தீர்ந்ததும் சொல்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

இது சமாதானக் கடிதம் இல்லை. குக்கர் மூடிக்காக எழுதுகிறேன். அண்ணனுக்கு மாற்றல் வந்து நீங்கள் வீட்டைக் காலி செய்த அன்று உதவிக்கு வந்தேன் அல்லவா, என் குக்கரைக்கூட எடுத்துவந்தேன் அல்லவா? அண்ணன் கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டினதில் மூடி உங்களோடு வந்துவிட்டது. பாத்திரம் இங்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் தபாலில் அனுப்பவும்.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். தடுத்ததை எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. தெரிந்தாலும் எடுக்கமாட்டேன்.

மூடி விஷயம் முடிந்தது. பேனா கையில் இருப்பதால் இன்னொன்று. போன வருஷம் வார்டு தேர்தலில் நின்றபோது உங்கள் சமையலறைக்கு வந்து கேட்டேன். "அண்ணி, உங்க ஓட்டு எனக்குத்தானே? நம்ம வீட்டு ஓட்டு வெளிய போகாதில்ல? பஸ் ஸ்டாப்புக்கு கூரை போடப் போறேன், தெருவிளக்கு போடப் போறேன், சரியா?" நீங்கள் "சரி" என்றீர்கள். என் இரண்டு காதாலும் கேட்டேன். அப்புறம் என்னை எதிர்த்து நின்ற மருந்துக்கடைக்காரருக்குப் போட்டுவிட்டு, அதைச் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ஏதோ மழை வருகிறது என்பது போலச் சொன்னீர்கள். தோற்றதுகூட எனக்குப் பெரிதில்லை. சரி சொன்னவர் மாற்றிப் போட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

உங்களைவிட எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்திருக்கும் மெஷின் தேவலை. ஆஸ்பத்திரித் துணி முழுக்க எங்களிடம்தானே வருகிறது, ஆளுக்கு ஏற்றபடி ஷிஃப்ட் போட டை சார் தலையைப் பிய்த்துக்கொள்வார். (மேலாளரைத்தான் சொல்கிறேன். நீராவி பறக்கிற கூடத்தில் டை கட்டிக்கொண்டு வருகிற ஒரே பிராணி.) இப்போது மடிப்பு மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டார். அது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, வாயால் கேட்கிறது, நாம் வாயால் பதில் சொன்னால் போதும். நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறோம். சுவரில் சாய்ந்துகொண்டு கேள்வி மட்டும் கேட்கும், ஒரு துணியைத் தொடாது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறது. மனிதர்களிடம் இல்லாத குணம்.

சரி, நிறுத்துகிறேன்.

உங்கள் நாத்தனார்

---

ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

நீ விட்ட இடத்தில் 'சண்டைக்கோழி' என்று எழுதிப் பார்த்தேன். பொருந்துகிறது. ஆனால் அது எனக்கு முன்னால் வரவேண்டிய சொல் இல்லையே என்று அடித்துவிட்டேன்.

மூடி பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன், வளைந்துபோகும். வரும்போது கொண்டுவருகிறேன். எப்போது வருவேன் என்று கேட்காதே. நம்பரைத் தடுத்தவள் கேட்கக் கூடாது.

எனக்கு இந்தக் கடிதம் பிடித்திருக்கிறது. உன்னிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து எத்தனை காலம் ஆகிறது! இங்கே நீ குறுக்கே வர முடியாது. பார், முடித்துவிட்டேன்.

ஓட்டு விஷயம். நான் உனக்குப் போடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அன்று நீ என்னிடம் கேட்டது கேள்வியே இல்லை. நீயே கேட்டாய், நீயே பதில் சொன்னாய், என் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்ன 'சரி'க்கு 'நகரு, அடுப்பை அணைக்கணும்' என்று அர்த்தம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எல்லா வீட்டிலும் சரி என்றுதான் சொல்வார்கள். வாசலை விட்டு அனுப்ப அதைவிட மரியாதையான சொல் நம்மிடம் இல்லை. மருந்துக்கடைக்காரர் பெரிய யோக்கியர் என்று சொல்லவில்லை. அவர் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், "உங்க தெருவுல என்ன பிரச்சனை?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். நான் சாக்கடையைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குத்தான் போட்டேன்.

ஆமாம் என்று நினைத்தால் நான் ஆமாம் என்றுதான் சொல்வேன். உன் அண்ணன் பெண் பார்க்க வந்து "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டபோதும் ஆமாம் என்றுதான் சொன்னேன். அவரிடமே கேட்டுப் பார்.

இங்கே நகராட்சி அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையே தொடர்கிறது. உறுப்பினர்கள் சரி சரி என்று மேசையைத் தட்டினால் நான் ஒப்புதல் என்று எழுதுவதில்லை. கை தூக்கச் சொல்கிறேன். முறைக்கிறார்கள். பழகிவிட்டது.

இன்னொன்று, அந்தப் பெட்டிக்கு மாமியார் என்று பெயர் வைத்தாயே, என் மாமியார் உன் அம்மா என்பது ஞாபகம் இருக்கிறதா?

அண்ணி

---

ஏப்ரல் 25

________ அண்ணிக்கு,

அம்மாவிடம் பெயர்க் கதையைச் சொன்னேன். "நான் கேள்வி மட்டுமா கேட்டேன்? துணியும் மடிச்சேனே!" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

பால் பொங்கியது என்கிறீர்களே, பொங்கட்டும், வாயைத் திறந்து முடியாது என்று சொல்வதற்கு என்ன? சரி என்றால் சரிதான். அகராதி எடுத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரப் போவதில்லை.

வேறு ஒரு தலைவலி. உங்கள் தம்பி முறைக்காரர், அதாவது என் வீட்டுக்காரர், லாரியை எடுத்துக்கொண்டு திங்கள் விடியலில் போனால் சனி இரவுதான் திரும்புகிறார். எங்களுக்கு ஒன்றாக இருப்பது ஞாயிறு ஒரு நாள். அன்று நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம். அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன், அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டு ஆட்சியில் இருக்கிறவர்களையெல்லாம் திட்டுவார், நான் எதிர்க்கட்சியையும் சேர்த்துத் திட்டுவேன். அதுதான் எங்கள் உல்லாசம்.

போன ஞாயிறு எனக்கு ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். டை சாரிடம் ஓடினேன். "நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா" என்று கணினியைத் திருப்பிக் காட்டினார். அதில் என் பெயர், பக்கத்தில் 'ஒப்புதல் அளித்தார்'. என் குரலையும் போட்டுக் காட்டினார். மெஷின் கேட்கிறது: "ஞாயிறு கூடுதல் ஷிஃப்ட் பார்க்க இயலுமா?" நான் சொல்கிறேன்: "ஞாயித்துக்கிழமையா? எங்க வீட்டுக்காரர் அன்னிக்குத்தான் வீட்ல இருப்பாரு, அதெல்லாம் ஆவாது, சரியா? சரி, எனக்கு வேலை இருக்கு."

அதில் இரண்டு 'சரி' இருக்கிறதாம். அதனால் ஒப்புதலாம்.

நான் கூடத்துக்குப் போன ஞாயிறு அவர் தனியாக உட்கார்ந்து, தனக்குத் தானே பட்டன் தைத்திருக்கிறார். மூன்று பட்டனும் தலைகீழாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணி.

சரி, நிறுத்துகிறேன்.

நாத்தனார்

---

மே 3

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை பட்டனில் நின்றுவிட்டேன். அந்த மனுஷர் ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணைச் சுருக்குவார், எனக்குத் தெரியும்.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: சரி என்றால் சரிதான் என்று எனக்கு எழுதிய அதே தாளில் இதையும் எழுதியிருக்கிறாய். நீ என் சமையலறையில் செய்ததை மாமியார் உன் கூடத்தில் செய்கிறது. அவ்வளவுதான்.

வெற்றிக் கொடி நாட்டுவதற்காகச் சொல்லவில்லை. இதை நீ கோபத்தோடு பார்த்தால் மெஷினை உடைக்கத் தோன்றும். கொஞ்சம் தள்ளி நின்று பார். உன்னால் 'சரி' சொல்லாமல் ஒரு பேச்சை முடிக்க முடியுமா? போனை வைப்பதற்கு முன் சரி, படியிறங்குவதற்கு முன் சரி. யாராவது அழுதால்கூட "சரி, சரி" என்றுதானே முதுகைத் தடவுகிறோம். அதையெல்லாம் அந்தப் பெட்டி ஒப்புதலாக எடுத்துக்கொண்டால் உன் கூடத்தில் ஒருத்தருக்கும் ஞாயிறு மிஞ்சாது. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. கேட்டாயா?

ஒரு நாள் முழுக்க 'சரி' சொல்லாமல் இருந்து பார். அப்புறம் எழுது.

அண்ணி

---

மே 12

________ அண்ணிக்கு,

முயன்றேன். காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரோலர்காரர், அவர்தான் ஈரப் போர்வைகளைப் பெரிய ரோலரில் விட்டு எடுப்பவர், "என்னம்மா, பல்வலியா?" என்று கேட்டார். மாமியார் கூப்பிட்டது. ஞாயிறு முடியுமா என்றது. "முடியாது" என்று கல்லில் வெட்டினது போலச் சொன்னேன். "தங்கள் மறுப்பு மேலாளரிடம் தெரிவிக்கப்படும்" என்றது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். "சரி, தெரிவிச்சுக்கோ!" என்றேன்.

ஒப்புதல் அளித்தார்.

சிரிக்காதீர்கள். இந்த ஞாயிறும் போயிற்று. லாரி தாமதமாகி அவர் ஞாயிறு விடியலில் வரும்போது நான் கிளம்பினேன், வாசலில் ஒருத்தர் தோளை ஒருத்தர் இடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான் எங்கள் ஞாயிறு. டை சாரிடம் இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னால், ஒப்புக்கொண்ட ஷிஃப்டை மறுத்தால் வேலைக்கு ஆபத்து, மேலிடத்து விதி என்கிறார். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். விட்டால் லாரி வருமானம் மட்டும் எப்படிப் போதும்?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேலும் கோபம் வருகிறது. நீங்கள் சொல்வது நியாயமாக இருப்பதால் இன்னும் அதிகமாக வருகிறது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

சரி (பாருங்கள்!) நிறுத்துகிறேன்.

நாத்தனார்

---

மே 17

நாத்தனாருக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், கூட்டம் தொடங்கப் போகிறது.

வேலையை விடாதே. மருந்துக்கடைக்காரர் செய்ததைச் செய். உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் ஒவ்வொருவராகப் போ. கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். நீ சொன்னால் மெஷினைக் குறை சொல்லும் ஒருத்தி. எல்லாரும் சொன்னால் வேறு கதை.

அப்புறம் ஒன்று. அந்தப் பெட்டி உங்கள் 'சரி'யை மட்டும்தான் கேட்கிறதா, எல்லாருடைய 'சரி'யையும் கேட்கிறதா?

அண்ணி

---

ஜூன் 9

என் அண்ணிக்கு!

இடத்தை 'என்' என்று நிரப்பிவிட்டேன். மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பட்டன் அக்காவிடம் போனேன். டாக்டர்கள் கோட்டுக்குப் பட்டன் தைப்பவர், யாரிடமும் பேசாதவர். "ஞாயித்துக்கிழமை எப்படிப் போகுதுக்கா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் அடுத்த பட்டனை எடுத்தார். நான் பேசியிருப்பேன், என் தொண்டைவரை வந்துவிட்டது. பேசவில்லை. ஒரு கோட்டு தைத்து முடிந்தது, இரண்டாவது எடுத்தார், அப்போதுதான் சொன்னார். அவர் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். குழந்தை பிறந்த ஞாயிறு அவர் இங்கே கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாராம். மெஷின் கேட்டபோது யாரோ தும்மியதற்கு "சரியாப் போச்சு" என்றாராம். அதிலும் ஒரு சரி.

அன்றே ரோலர்காரரிடம் போனேன். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரிடமும். இத்தனை வருஷமாக ஒரே மேசையில் துணி மடிக்கிறேன், இவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது அண்ணி. நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: ஞாயிறு வேலை வேண்டுமென்றால் மனுஷர் வந்து நேரில் கேட்கணும், நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்புதல். ஒரே கோரிக்கை.

நேற்று மாதாந்திரக் கூட்டம். டை சார் புதுப் பெருமையோடு வந்தார். இனிமேல் கூட்டக் குறிப்பும் மாமியாரே எழுதுமாம், யார் எதற்கு ஒப்புக்கொண்டார்கள் என்று அப்போதே எல்லார் போனுக்கும் மேலிடத்துக்கும் அனுப்பிவிடுமாம். அதைக் கேட்டதும் உங்கள் கடைசி வரி எனக்குள் மணி அடித்தது.

எழுந்தேன். "சார், ஞாயிறு ஷிஃப்டுக்கு ஆளுங்க எழுதிக் கொடுத்தாத்தான் ஒப்புதல்னு வைக்கணும். இது எல்லாரோட கோரிக்கை" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். 'சரியா?' என்று கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "சரி, சரி" என்றார். "சரிம்மா, உக்காருங்க. அடுத்தது?"

உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்தது. எல்லார் பையிலும் ஒரே நேரத்தில் போன் கீச்சிட்டது. பட்டன் அக்காதான் முதலில் படித்தார், அதுவும் சத்தமாக, எங்கள் கூடத்தில் அவர் குரலை அவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை: "ஞாயிறு ஷிஃப்டுக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். மேலாளர் மூன்று முறை ஒப்புதல் அளித்தார்."

டை சார் முகம் ரோலரில் போட்ட போர்வை மாதிரி ஆகிவிட்டது. "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்? 'சரி'ன்னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா? கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்! உக்காருங்கன்னு அர்த்தம்! ஒரு பேச்சுக்குச் சொல்றதையெல்லாம் இந்த மெஷின்…" அங்கேயே நின்றுவிட்டார். தன் வாயால் தானே என்ன சொல்கிறோம் என்று அவருக்கே கேட்டுவிட்டது.

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்" என்றேன்.

அவர் 'சரி'க்கு ஒப்புதல் என்று அர்த்தமானால் எங்கள் கோரிக்கை நிறைவேறிவிட்டது. இல்லை என்றால் எங்களுடைய ஒரு 'சரி'யும் செல்லாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் ஞாயிறு எங்களுக்கு! ரோலர்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது, போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் டை சாருக்கும் அடக்க முடியவில்லை. டையைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தார். அந்த மனுஷர் நல்லவர்தான் அண்ணி. அவர் சொன்னார், "எங்க வீட்லயும் இதே கதைதாம்மா. நானும் ரெண்டு ஞாயிறு தூங்கினதே இல்ல, அது என்னையும் போட்டுடுச்சு." அங்கேயே மேலிடத்துக்குப் போன் போட்டார். இன்று காலை பதில் வந்துவிட்டது. மெஷின் இனி கேட்பதோடு சரி, ஒப்புதல் எங்கள் கையெழுத்தில்தான். மாமியாரின் வாயை அடைத்துவிட்டோம்! அம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை.

அவர் சனிக்கிழமை வருகிறார். ஊசி நூல் எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் நாத்தனார்

---

ஜூன் 16

அருமை நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்துவிட்டு நான் மேசையைத் தட்டினேன். உறுப்பினர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேர் மேசை தட்டியதைச் செல்லாது என்றிருக்கிறேன், இன்று என் முறை.

எல்லாரும் அந்த டை சார் சிக்கியதைத்தான் கொண்டாடுவார்கள். எனக்கு உன் பட்டன் அக்கா கோட்டு தைத்து முடிக்கும்வரை நீ காத்திருந்ததுதான் பெரிசு. உன்னை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். அது சாமானியமில்லை. பெருமையாக இருக்கிறது. இதை முழுதாகச் சொல்லிவிட்டேன், நீயும் குறுக்கே வரவில்லை.

செய்தி: உன் அண்ணனுக்குத் திரும்பவும் அங்கேயே மாற்றல் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் வருகிறோம், அதே தெரு, மாடி வீடு. மூடியை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். வாக்காளர் பட்டியலில் என் பெயரை இங்கே மாற்றவே இல்லை. சோம்பல் என்று உன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சோம்பல் இல்லை.

அண்ணி

---

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிவிட்டேன். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போகிறார், பதவியை விட்டுவிட்டார். நம் வார்டுக்கு இடைத்தேர்தல். பட்டன் அக்காவும் ரோலர்காரரும் என்னை நிற்கச் சொல்கிறார்கள். இந்த முறை பஸ் ஸ்டாப்புக் கூரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரை பதினோரு வீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், ஒருத்தரும் கூரை கேட்கவில்லை! எல்லாருக்கும் சாக்கடைதான். நீங்கள் அப்போதே சொன்னது. வீட்டுக்காரர் போன ஞாயிறு முழுக்க ரேடியோவை அணைத்துவிட்டு எனக்குப் பேச்சு எழுதினார், நான் பட்டன் தைத்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்கணும். போன தடவை அடுப்பங்கரையில் நின்று கேட்டதை, இந்தத் தடவை கேட்கிற மாதிரி கேட்கிறேன்.

அண்ணி, உங்கள் ஓட்டு எனக்கா?

கேட்டுவிட்டேன். வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.

நாத்தனார்

---

ஜூலை 1

என் நாத்தனாருக்கு,

ஆமாம்.

அண்ணி